காய்ச்சலே வராமல் கருக்குழாயின் உள்சுவர் கெடுமா?

களுவாஞ்சி மகள்:
எனக்கு 33 வயது, கல்யாணமாகி ஐந்து வருடம். போன மாதம் மட்டக்களப்பில் எச்.எஸ்.ஜி (கருப்பைக்குள் மை விட்டுக் குழாயைப் பார்க்கும்) எக்ஸ்ரே எடுத்தோம். மை வலப்பக்கக் குழாயால் ஓடியது, இடப்பக்கம் வாசலிலேயே நின்றுவிட்டது. டொக்டர் “எப்போதோ வந்த கிருமி” என்று சொல்லி அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார். எனக்குக் காய்ச்சலோ அடிவயிற்று வலியோ வந்த ஞாபகமே இல்லை. மாமியோ நான் ஐஸ் தண்ணீர் குடித்ததால் என்கிறார். ஏ.எல்லில் பயோ படித்தவள் நான், பதில் சொல்லத் தெரியவில்லை.

அக்கரைப்பற்று லெப்காரன்:
தங்கச்சி, 19 வருடம் மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்தவன் என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன். பலோப்பியன் குழாயின் (கருக்குழாயின்) மேலணியில், அதாவது உள்சுவரை மூடிய கலப்படையில், பிசிர் என்னும் நுண்மயிர் உள்ள கலம், பிசிரில்லாத கலம் என்று இரண்டு வகை உண்டு. வயலில் காற்றடித்தால் கதிர் ஒரே பக்கம் சாயுமே, அப்படி அசைந்துதான் பிசிர் முட்டையைக் கருப்பைப் பக்கம் நகர்த்துகிறது.

உடலுறவால் தொற்றும் கொணோரியாக் கிருமி ஒட்டுவது பிசிரில்லாத கலத்தில். ஆனால் செத்து உதிர்வது பக்கத்து வீட்டுக்காரன், பிசிருள்ள கலம்! கிருமி தன் கலச்சுவரின் துண்டுகளையும் வெளிப்படலத்துக் கொழுப்புச்சர்க்கரையையும் உதிர்த்துக்கொண்டே இருக்கும். அந்த நஞ்சும், அதைக் கண்டு நம் இழையமே சுரக்கும் அழற்சிப் பொருளும் சேர்ந்துதான் இந்த வேலை. குக்கல் (கக்குவான் இருமல்) கிருமி மூச்சுக்குழாயின் பிசிரைக் கொல்வதும் இதே சுவர்த்துண்டால்தான். குக்கலென்றால் இருமி ஊரைக் கூட்டுவோம், குழாய்க்கு இருமத் தெரியாது.

1970களில் பன்றி, மாடு, முயல் குழாய்களிலும் கொணோரியாக் கிருமியை விட்டுப் பார்த்தார்கள். மனிதக் குழாய் மட்டும்தான் கெட்டது.

கிளமிடியாவும் உடலுறவால் தொற்றும் கிருமிதான், ஆனால் வேறு மாதிரி. அதில் தழும்பு பெரும்பாலும் நம் உடம்பு போடும் சண்டையால் வருவது, பலருக்கு அறிகுறியே இருக்காது. ரீபியும் (காசநோயும்) குழாயை அடைக்கும். உங்களுக்கு எதுவென்று எக்ஸ்ரேயை வைத்துச் சொல்ல முடியாது. குழாய் அந்த நேரம் இறுகியிருந்தாலும் மை வாசலில் நிற்கும். அதை மறுபடி கேளுங்கள். மை ஓடிய பக்கத்திலும் பிசிர் குறைந்திருக்கலாம், அதனால் கரு தங்கினால் ஆரம்பத்திலேயே ஸ்கேன் எடுங்கள், குழாயில் தங்கிவிடக் கூடாது.

கல்லடி:
தினம் டெட்டோல் போட்டுக் கழுவினால் இதெல்லாம் வராதுதானே அண்ணன்?

அக்கரைப்பற்று லெப்காரன்:
ஐயோ, பிறப்புறுப்புக்கு உள்ளே வேண்டாம் புள்ள. அங்கே காவலுக்கு இருப்பது லாக்டோபசிலஸ் என்ற நல்ல கிருமி, அது சுரக்கும் அமிலத்தில் பி.எச் 4.5க்குக் கீழே நிற்கும். காவலை விரட்டினால் கார்டனெரெல்லா என்ற வேறு கிருமி பெருகும். அது விடும் வஜைனோலைசின் என்ற நஞ்சு மனிதக் கலத்தின் மேலுள்ள ஒரு புரதத்தைப் பிடித்து, படலத்தில் ஓட்டை போடும். கூடவே இன்னொரு நொதியம் சளிப்படையை அரிக்கும். வெறும் தண்ணீர், வெளியே மட்டும்.

வாழைச்சேனை மிட்வைஃப்:
அவர் சொன்னது சரி. ஒன்று விட்டுவிட்டார்: கணவரையும் கூட்டிக்கொண்டு போய் இருவரும் ஒன்றாகச் சோதியுங்கள். அரச பாலியல் நோய் கிளினிக்கில் காசு இல்லை, விஷயம் வெளியே போகாது. ஆனால் மருந்து இருக்கும் கிருமியைத்தான் கொல்லும், விழுந்த தழும்பை எடுக்காது.

களுவாஞ்சி மகள்:
நன்றி அண்ணன், அக்கா. திங்கள் இருவரும் போகிறோம். மாமியிடம் குக்கல் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப ஐஸ் தண்ணி இல்லையா?” என்றார்.