ஆர்சிஏ 1802: கை பக்கத்தில் போனாலே புரோகிராம் மாறிவிடுகிறது

வணக்கம் நண்பர்களே. பழைய 1802 பிராசஸர் ஒன்று கிடைத்தது, மேலே சிடிபி1802ஏசிஇ என்று இருக்கிறது. பிரெட்போர்டில் ஒரு ராம் சிப்போடு சேர்த்து 5 வோல்ட் கொடுத்து, க்யூ என்கிற அவுட்புட் பின்னில் எல்இடி மினுக்குகிற சின்ன புரோகிராமைப் போட்டேன். சில நொடி ஒழுங்காக மினுக்கும், நான் கையைப் பக்கத்தில் கொண்டுபோனதும் நின்றுவிடும். ராமில் பார்த்தால் நான் போட்ட பைட்டுகளில் சில மாறியிருக்கின்றன. சிப் போய்விட்டதா? 9 வோல்ட் பேட்டரியில் நேராக ஓட்டலாமா? வாயேஜர் விண்கலத்திலேயே போன சிப் என்கிறார்களே, அதனால்தான் இவ்வளவு ஆசை.

பதில் 1
சிப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. இது சிமாஸ் என்கிற வகை சிப், எதிலும் இணைக்காமல் சும்மா விட்ட இன்புட் பின் உங்கள் கை கொண்டுவருகிற மின்னூட்டத்தைக்கூட சிக்னல் என்று எடுத்துக்கொள்ளும். டிஎம்ஏ-இன் (வெளியிலிருந்து நேராக ராமில் எழுத வைக்கிற பின்) ஒரு கணம் தாழ்ந்த வோல்ட்டுக்குப் போனால் போதும், பஸ்ஸில், அதாவது டேட்டா கம்பிகளில், அப்போது இருக்கிற பைட்டை ஆர்0 என்கிற ரெஜிஸ்டர் காட்டும் ராம் இடத்தில் எழுதிவிட்டு ஆர்0-வை ஒன்று கூட்டிவிடும். ரீசெட் ஆனதும் புரோகிராம் கவுண்டராக, அதாவது அடுத்த கட்டளை எங்கே என்று காட்டுவதாக, இருப்பதும் அதே ஆர்0-தான், அதனால் பைட்டும் மாறுகிறது, புரோகிராமும் தடம் மாறுகிறது. டிஎம்ஏ இரண்டு, இன்டரப்ட் ஒன்று, இஎஃப் என்கிற இன்புட் நான்கு, இந்த ஏழு பின்னையும் தனித்தனியாக 22 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்து 5 வோல்ட்டுக்கு இழுத்துவிடுங்கள்.

பதில் 2
9 வோல்ட் வேண்டவே வேண்டாம். உங்களிடம் இருப்பது பெயரில் 1802-க்குப் பின் ஏசி என்று வருகிற வகை, 4 முதல் 6.5 வோல்ட் வரைதான் தாங்கும். பெயரில் வெறும் ஏ மட்டும் உள்ளதுதான் 10.5 வரை போகும். அப்புறம், வாயேஜர் கதை இணையத்தில் எங்கும் இருக்கிறது, ஆனால் தவறு, அதன் கணினிகள் தனியாக வடிவமைத்தவை. 1802 போனது 1989-ல் கிளம்பிய கலிலியோ விண்கலத்தில், வியாழன் வரைக்கும். அதுவே போதாதா நமக்கு!

கேட்டவர்
ஏழு ரெசிஸ்டரும் போட்டாச்சு. ஒரு மணி நேரமாக மினுக்குகிறது, கையை மேலேயே வைத்துப் பார்த்தேன், அசையவில்லை. மிக்க நன்றி. சிப்பை அடிக்கு அடி ஓட்டுகிற கிளாக் துடிப்பை நிறுத்தினால் ரெஜிஸ்டரில் இருப்பது அழிந்துவிடுமா?

பதில் 1
அழியாது, பவர் இருந்தால் போதும். கிளாக்குக்குப் பதில் துள்ளல் இல்லாத (ஒரு அழுத்தலுக்கு ஒரே துடிப்பு தருகிற) பட்டன் ஒன்றை வைத்துப் பாருங்கள், பெரும்பாலான கட்டளைகளுக்கு 16 அழுத்தல். க்யூவை ஏற்றுகிற கட்டளை வரும்போது விரலுக்குக் கீழேயே எல்இடி எரியும்.