வயது 24. வாடகைக்கு விட ஒரு வீடு வாங்கலாமா?

முதற்படி:
எல்லோருக்கும் வணக்கம். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. பார்த்து வைத்திருக்கும் சிறிய வீட்டின் விலையை 100 என்று வைத்துக்கொண்டால், என் சேமிப்பு 25. வங்கி 80 வரை கடன் தரும். 20 ஆண்டு, 9 சதவீத வட்டி. அந்த வீட்டுக்கு ஆண்டு வாடகை 6 வரும் என்கிறார்கள். "வாடகையே தவணையைக் கட்டிவிடும்" என்கிறார் தரகர். சரிதானா? வாங்கும்முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

வாடகைக்கணக்கு:
கட்டாது தம்பி. உங்கள் எண்களையே போட்டுப் பாருங்கள்.

80 கடனுக்கு மாதத் தவணை 0.72, ஆண்டுக்கு 8.64. வாடகை 6 முழுதாகக் கைக்கு வராது. ஒருவர் காலி செய்து அடுத்தவர் வரும்வரை வீடு பூட்டிக் கிடக்கும். ஆண்டுக்கு ஒரு மாதம் என்று வைத்தால் 0.5 போகும். பராமரிப்புக்கு வீட்டு விலையில் 1 சதவீதம், அதாவது 1. இந்த ஆண்டு ஒன்றும் செலவாகவில்லை என்றாலும் ஒதுக்கி வையுங்கள். மோட்டார், குழாய், மொட்டைமாடிக் கசிவு எல்லாம் சில ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக வந்து நிற்கும். வரி, காப்பீடு, குடியிருப்போர் சங்கக் கட்டணம் சேர்த்து 0.6 என்று கொள்வோம். மிச்சம் 3.9. ஆக, ஆண்டுக்கு 4.74 உங்கள் சம்பளத்திலிருந்து போகும்.

முதல் ஆண்டில் கட்டும் 8.64-இல் அசலில் கழிவது ஏறக்குறைய 1.5தான், மீதி 7.14 வட்டி. மாறும் வட்டிக் கடனாக இருந்து 9 சதவீதம் 10 ஆனால் ஆண்டுத் தவணை 9.26 ஆகிவிடும். வாடகை அதற்கேற்ப ஏறும் என்று யாரும் உறுதி தர முடியாது.

கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: இந்த வாடகை எவ்வளவு கடனைத் தாங்கும்? 3.9-ஐத் தவணையாகக் கட்டினால் இதே வட்டியில், இதே 20 ஆண்டில், கடன் 36தான் வரும். வங்கி 80 தருவது உங்கள் சம்பளத்தைப் பார்த்து. வீட்டின் வருமானத்தைப் பார்த்து அல்ல. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

விலையும் ஏறிக்கொண்டே இருக்காது. 20 போட்டு 100-க்கு வாங்கிய வீடு 10 சதவீதம் இறங்கினால் உங்கள் பணத்தில் பாதி போய்விடும். அந்த நேரத்தில் வேலையும் போனால் விற்றே ஆக வேண்டும், அதுவும் வந்த விலைக்கு.

இன்னொன்று. முன்பணம் 20 போனபின் கையில் இருக்கும் 5, முத்திரைக் கட்டணம், பதிவு, தரகு, கடன் கட்டணம், வக்கீல் என்று அங்கேயே தீர்ந்துவிடும். பல இடங்களில் அது போதவும் போதாது. அதற்குமேல் ஆறு மாதத் தவணை, அதாவது 4.3, தொடாத பணமாக இருக்க வேண்டும். அது இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

செங்கல்சாந்து:
கணக்கை அண்ணன் சொல்லிவிட்டார். வீட்டைப் பற்றி நான் சொல்கிறேன்.

மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். ஒரு சுவரில் மட்டும் புது வண்ணம் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். பெரும்பாலும் ஈரத்தை மறைத்திருப்பார்கள். எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்து தண்ணீரின் வேகத்தைப் பாருங்கள்.

விரிசலில் 1 மி.மீ.க்குக் குறைவானது பெரும்பாலும் பூச்சு விரிசல். ஜன்னல், கதவு மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் வேறு: அடித்தளம் ஒருபக்கம் இறங்கியிருக்கலாம். 5 மி.மீ. தாண்டினால் கட்டுமானப் பொறியாளரைக் கூட்டிப் போகாமல் பேச்சே வேண்டாம். கூரையில் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிந்தால் அதை மேல்பூச்சில் மூடுவது வீண். துரு கம்பியைவிட அதிக இடம் பிடிக்கும். உள்ளிருந்து கான்கிரீட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

பத்திரத்தில் நான்கு கேள்விக்கு விடை வேண்டும். விற்பவர்தான் உரிமையாளரா? வேறு வாரிசுகள் உண்டா? அடமானமோ வழக்கோ வில்லங்கமாக நிற்கிறதா? கட்டியிருப்பது அனுமதித்த வரைபடப்படிதானா? கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதேயில்லை. அனுமதியில்லாத ஒரு மாடி, பிறகு விற்கும்போது உங்கள் தலையில் விழும். விற்பவர் காட்டும் நகல் போதாது, பதிவு அலுவலகத்திலிருந்து உங்கள் வக்கீலே எடுக்கட்டும். தரகர் சொல்லும் வக்கீல் வேண்டாம்.

முதற்படி:
நன்றி அண்ணா, நன்றி ஐயா. அப்படியானால் கடன் 36 போக மீதி 64 சேரும்வரை காத்திருக்க வேண்டுமா? நானே ஓர் அறையில் இருந்துகொண்டு மீதியை வாடகைக்கு விட்டால்?

வாடகைக்கணக்கு:
செய்யலாம், ஆனால் அதில் மந்திரம் எதுவும் இல்லை. இப்போது நீங்கள் கட்டும் வாடகை மிச்சமாகும். ஏறக்குறைய அதே அளவு, நீங்கள் இருக்கும் அறைக்கான வாடகை வராமல் போகும். ஆதாயம் வேறு இரண்டு இடத்தில் இருக்கிறது. சொந்தக் குடியிருப்புக்கான கடனுக்குப் பல வங்கிகளில் வட்டி குறைவு. அறை அறையாக விட்டால் முழு வீட்டு வாடகையைவிடக் கூடுதலாக வரும் பகுதிகளும் உண்டு. அறைகளை வாடகைக்கு விட வங்கியும் சங்கமும் அனுமதிக்கின்றனவா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சிறுதுளி:
காத்திருக்கும் காலத்தில் பணம் சும்மா கிடக்க வேண்டியதில்லை. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட ரீட் (REIT, வாடகைக் கட்டடங்களை வைத்திருக்கும் முதலீட்டு நிதி) அலகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கலாம். அலுவலகக் கட்டடம், கிடங்கு போன்றவற்றின் வாடகை பங்காக வரும். பல நாடுகளில் வருமானத்தில் குறைந்தது 90 சதவீதத்தைப் பகிர்ந்தளிக்க வேண்டும் என்பது விதி. நினைத்த நாளில் விற்கலாம். ஆனால் அலகின் விலை பங்குபோல ஏறி இறங்கும், எனவே இரண்டு வருடத்தில் முன்பணத்துக்கு வேண்டிய தொகையை இதில் போடாதீர்கள்.

செங்கல்சாந்து:
கடைசியாக ஒன்று தம்பி, அந்த 6 யார் சொன்னது? தரகர் என்றால் நம்பாதீர்கள். அதே தெருவில் குடியிருக்கும் மூன்று பேரிடம் இப்போது என்ன கட்டுகிறார்கள், வீடு எத்தனை நாள் காலியாகக் கிடந்தது என்று கேளுங்கள். விளம்பரத்தில் போடுவது கேட்கும் வாடகை. கிடைக்கும் வாடகை பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே இருக்கும். 6 என்பது 5 ஆனால் மேலே போட்ட கணக்கை மறுபடி போட்டுவிட்டு வாருங்கள்.