கால்நடை வைத்தியத் தொடர்கல்வி அமைப்புக்குத் தலைமைப் பணியாளர்களாக யாரைத் தெரிவது?

வாவிக்கரை (மட்டக்களப்பு) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் பணியாற்றும் கால்நடை வைத்தியர்கள் சிலர் சேர்ந்து, தொடர்கல்விக்கென்று சிறிய அமைப்பொன்றைத் தொடங்கவிருக்கிறோம். நாட்டிலுள்ள ஒரேயொரு கால்நடை மருத்துவ பீடம் பேராதனையில் இருக்கிறது. கால்நடை ஆராய்ச்சி நிறுவகமும் அதற்கு அருகே கன்னொருவையில்தான் இருக்கிறது. பட்டம் பெற்றுக் கிழக்குக்கு வந்த பிறகு புதிதாக எதையேனும் முறையாகக் கற்க வேண்டுமானால், அலுவலகத்தைப் பூட்டிவிட்டு மலையேற வேண்டியிருக்கிறது அல்லது மருந்துக் கம்பனிகள் ஹோட்டல்களில் நடத்தும் கூட்டங்களுக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய பதவிகளுக்கு ஆட்களைத் தெரிவதில் எவ்விதச் சிக்கலும் ஏற்படவில்லை. சம்பளம் பெற்று அமைப்பை நாளாந்தம் கொண்டு நடத்தப்போகும் பணிப்பாளர் யார் என்பதில்தான் இரண்டுபட்டு நிற்கிறோம். மாகாண மட்டத்தில் உயர்பதவி வகித்து ஓய்வுபெற்ற ஒருவரை நியமித்தால் அரச அலுவலகங்களின் கதவுகள் தாமாகவே திறக்கும் என்று ஒரு சாராரும், முகாமைத்துவம் படித்த ஒருவர் கால்நடை வைத்தியராக இல்லாவிட்டாலும் போதும் என்று மற்றொரு சாராரும் வாதிடுகின்றனர். எங்களிடமுள்ள பணம் ஒரு முழுநேரப் பணியாளருக்கும் ஒரு பகுதிநேரப் பணியாளருக்கும் மட்டுமே போதுமானது. எந்தப் பதவியை முதலில் நிரப்புவது, அதில் எப்படிப்பட்டவர் இருக்க வேண்டும் என்பது பற்றி அனுபவமுள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

கல்லோயா (அக்கரைப்பற்று, ஓய்வுபெற்ற கால்நடை வைத்திய அதிகாரி) எழுதியது:

தம்பி, நீங்கள் எழுப்பியிருக்கும் கேள்விக்குள் இரண்டு வேலைகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. எதைக் கற்பிப்பது, யாரைக் கொண்டு கற்பிப்பது என்று தீர்மானிப்பது ஒரு வேலை. மண்டபம், கட்டணம், சான்றிதழ், கணக்கு ஆகியவற்றைக் கவனிப்பது மற்றொரு வேலை. முன்னதைக் கால்நடை வைத்தியர் அல்லாத ஒருவரிடம் எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். அதிலும் இன்னமும் களத்தில் நிற்கும் வைத்தியரே வேண்டும். என்னைப்போல் ஓய்வுபெற்றவர்களை ஆலோசனைச் சபையில் இருத்தி, தேநீரும் தந்து, சொல்வதைக் கேட்டுக்கொண்டால் போதுமானது.

காரணத்தையும் கூறிவிடுகிறேன். 2020 இல், மாடுகளைத் தாக்கும் தோல் கழலை நோய் இந்நாட்டில் முதன்முதலாக வடமாகாணத்தில் கண்டறியப்பட்டது. அது கடிக்கும் பூச்சிகளால் பரவும் நோய் என்பதும், மாடுகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டு செல்லும்போது எல்லை தாண்டும் என்பதும் தெரிந்த விடயங்களாகையால், அது கிழக்குக்கு வரும் என்று எதிர்பார்ப்பதற்குச் சாத்திரம் பார்க்கத் தேவையிருக்கவில்லை. 2022 டிசெம்பரில், மண்டோஸ் புயலையொட்டி வீசிய குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் இறந்தபோது, இது தொற்றுநோயா, குளிர் அதிர்ச்சியா என்று பட்டிக்காரர்கள் கேட்ட கேள்விக்கு உடனே பதில் கூற வேண்டியிருந்தது. இத்தகைய வேளைகளில், அடுத்த வாரத்துக்கென்று ஒழுங்கு செய்திருந்த பாடத்தை ஒதுக்கிவிட்டு, இறந்த மாட்டில் எந்தெந்த மாதிரிகளை எடுப்பது, அவற்றை எப்படிப் பொதி செய்து கன்னொருவைக்கு அனுப்புவது என்பதை அன்றைக்கே கற்பிக்கத் துணியும் ஒருவர்தான் உங்கள் கல்விப் பணிப்பாளராக இருக்க வேண்டும். சுற்றறிக்கை வரட்டும் என்று காத்திருக்கும் பழக்கம் ஊறிப்போன எங்களால் அது இயலாது.

தொடர்கல்வியைக் கால்நடை மருத்துவரே முன்னின்று நடத்தியதற்கு வெளிநாட்டு உதாரணம் ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் போல் பியன் என்ற கால்நடை இருதய நோய் நிபுணர், பூனைகளின் இருதயத் தசை நலிவுக்கு உணவில் டோரின் என்ற சத்துக் குறைவதே காரணம் என்பதை 1987 இல் வெளிப்படுத்திய ஆய்வுக்குழுவில் முதன்மையானவர். அவரே 1991 இல் இன்னொரு மருத்துவருடன் இணைந்து, கால்நடை மருத்துவர்கள் கணினி வழியாக ஒருவரையொருவர் கேட்டுக் கற்கும் வலையமைப்பைத் தொடங்கினார்.

நெற்கதிர் (சம்மாந்துறை) எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். கல்லோயா சேர் கூறியதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இரண்டாவது வேலையை அவர் ஒரு வரியில் கடந்துவிட்டார். நான் கால்நடை வைத்தியன் அல்லன். வெளிநாடொன்றில் இத்தகைய அமைப்பின் நிருவாகப் பிரிவில் பணியாற்றியவன். நல்ல விரிவுரையாளர்கள் இருந்தும் அமைப்புகள் படுத்துவிடுவது, பதிவேடு வைப்பதற்கு ஆள் இல்லாமையினாலேயே.

ஐக்கிய இராச்சியத்தில் கால்நடை மருத்துவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 35 மணித்தியாலத் தொடர்கல்வியைப் பதிவு செய்தாக வேண்டும். அங்கே யார், எந்த நாளில், எத்தனை மணித்தியாலம் அமர்ந்திருந்தார் என்பதை ஐயமின்றிக் காட்டும் ஆவணம் இல்லையேல் பாடம் நடந்ததற்கே பொருளில்லை. இங்கே 1956 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த கால்நடை வைத்தியப் பேரவையிடம் என்றாவது ஒருநாள் உங்கள் பாடங்களுக்கு அங்கீகாரம் கேட்டுச் செல்வதாயின், முதல் நாளிலிருந்தே வரவுப்பதிவு ஒழுங்காக இருக்க வேண்டும். வட்ஸ்அப் குழுவில் கைவிரலை உயர்த்திக் காட்டியவர்களின் பட்டியலை எந்தப் பேரவையும் ஏற்காது.

பணமும் அவ்வாறே. மருந்துக் கம்பனியின் அனுசரணையை வாங்குவதில் தவறில்லை. ஆனால் அனுசரணையைப் பேசி முடிப்பவரும் பாடத்தைத் தீர்மானிப்பவரும் ஒருவராகவே இருந்தால், மூன்றாவது கருத்தரங்கில் அந்தக் கம்பனியின் நுண்ணுயிர்கொல்லியே பாடமாகிவிடும். ஆகவே முழுநேரச் சம்பளத்தை நிருவாகப் பணிப்பாளருக்குக் கொடுங்கள். கல்விப் பணிப்பாளர் பகுதிநேரமாக இருக்கட்டும். களத்தை விட்டு அவரை முழுவதுமாக இழுத்துவிட்டால், சேர் கூறிய தகுதியை அவர் இரண்டே ஆண்டுகளில் இழந்துவிடுவார்.

சிட்னிப் பல்கலைக்கழகத்தில் 1965 இல் தொடங்கிய கால்நடை மருத்துவத் தொடர்கல்வி மையத்தை 1968 முதல் ஏறத்தாழ 20 ஆண்டுகள் டொம் ஹங்கர்போர்ட் என்பவர் நடத்தினார். அவர் கால்நடை மருத்துவர்தான். பேராசிரியர்கள் மட்டுமன்றி, தொலைவிலுள்ள ஊர்களில் தனித்து வேலை செய்யும் மருத்துவர்களும் தாங்கள் கண்ட நோய்களைச் சுருக்கமாக எழுதி அனுப்ப, அவற்றைத் தொகுத்து எல்லோருக்கும் அனுப்பும் ஏற்பாடு அவர் காலத்தில் ஏற்பட்டது. கட்டடம் கட்ட வசதியில்லாத உங்களுக்கு இது உடனே கைகொடுக்கக்கூடியது.

படுவான்கரை (போரதீவுப்பற்று) எழுதியது:

நான் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியர். வைத்தியர்களின் அமைப்பில் எனக்கென்ன வேலை என்று நீங்கள் கேட்கக்கூடும். ஊசியோடும் ஐஸ் பெட்டியோடும் பட்டிக்குப் போகிறவர்களில் நாங்களும் இருக்கிறோம் என்பதால் கூறுகிறேன்.

இதுவரை நான் சென்ற பயிற்சிகளில் பெரும்பாலானவை, நுவரெலியாவில் தொழுவத்தில் கட்டி வளர்க்கும் பிரிசியன் மாட்டை வைத்தே நடத்தப்பட்டன. எங்கள் பகுதியில் எருமைகளும் நாட்டு மாடுகளும் காட்டோர மேய்ச்சல்தரையில் திரிகின்றன. விடியுமுன் பட்டிக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அவற்றைப் பிடிக்க முடியும். வெயில் ஏறிவிட்டால் எருமைகள் குளத்துக்குள் இறங்கிவிடும். ஒரு பட்டியை முடித்து அடுத்த பட்டிக்குப் போவதற்குள் பெட்டியிலுள்ள ஐஸ் பாதி கரைந்திருக்கும். தடுப்பு மருந்து 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் இருக்க வேண்டும் என்று விரிவுரையில் கூறினார்கள். ஐஸ் கரைந்த பிறகு மிஞ்சிய மருந்தை என்ன செய்வது என்று நான் கேட்டபோது, விரிவுரையாளர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

ஆகையால் தலைமையில் உள்ளவர்களுள் ஒருவராவது இத்தகைய கேள்விகளைப் பாடத்துக்கு முன்பே திரட்டி, விரிவுரையாளரிடம் ஒப்படைப்பதைத் தம் கடமையாகக் கொள்ள வேண்டும். பாடக்குறிப்புகள் தமிழில் வரவேண்டும். அம்பாறையின் மேற்குப் பக்கத்தில் உள்ளவர்களுக்குச் சிங்களத்திலும் வேண்டும். பாடம் நடக்கும் நாள், பால் சேகரிப்பும் தடுப்பூசி வேலையும் குறைந்த நாளாக இருக்க வேண்டும் என்பதையும் அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

வாவிக்கரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. நெற்கதிர் கூறியவாறு முழுநேரப் பணியாளர் நிருவாகத்துக்கும், பகுதிநேரப் பணியாளர் கல்விக்கும் என்று அடுத்த கூட்டத்தில் முன்மொழியவிருக்கிறேன். இருவரும் ஒருவருக்கொருவர் கீழ்ப்பட்டவராக அன்றி, இருவருமே அமைப்பின் நிருவாக சபைக்கு நேரடியாகப் பொறுப்புக் கூறுபவர்களாக இருப்பார்கள். போதனாசிரியர் ஒருவருக்குச் சபையில் வாக்குரிமையுள்ள ஆசனமும் கேட்பேன். இதற்குச் சிலர் முகம் சுளிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். கல்லோயா ஐயா, கல்விப் பணிப்பாளர் அரச சேவையில் உள்ளவராயின் சம்பளம் பெறுவதில் தடை வராதா?

கல்லோயா எழுதியது:

வரும். திணைக்களத் தலைவரின் எழுத்துமூல அனுமதியின்றி அரச உத்தியோகத்தர் வேறிடத்தில் ஊதியம் பெறுவது சிக்கலில் முடியும். நியமனக் கடிதம் கொடுப்பதற்கு முன்பே அனுமதியைக் கேட்டு எழுதுங்கள். அது தாமதமாகும் என்று தோன்றினால், தனியார் துறையில் வைத்தியம் செய்பவர்களுள் ஒருவரை முதலாண்டுக்கு நியமியுங்கள். ஏறாவூர்ப்பற்றிலும் கல்முனைப் பக்கத்திலும் பொருத்தமானவர்கள் இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு என்னையும் அழைத்தால், முகம் சுளிப்பவர்களோடு நான் பேசுகிறேன்.