பிராக் 1968: பெயர்ப்பலகையைக் கழற்றி என்ன சாதித்தார்கள்?

திருமங்கலம்_செல்வி:
வணக்கம். மதுரையில் நான் படிக்கும் கல்லூரியில் அடுத்த வாரம் ஒரு பேச்சு. 1968 ஆகஸ்ட் 20 இரவு சோவியத் படையும், போலந்து, ஹங்கேரி, பல்கேரியப் படைகளும், பிராக்கைத் தலைநகராகக் கொண்ட செக்கோஸ்லோவாக்கியாவின் சீர்திருத்தங்களை அடக்க அந்நாட்டுக்குள் நுழைந்தபோது, மக்கள் ஆயுதம் எடுக்காமல் எதிர்த்தார்கள் என்று படித்தேன். ஆனால் சோவியத் படை 1991 வரை அங்கேயே இருந்ததே? இதைத் தோல்விக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும் என்கிறார்கள், எனக்கு மனசு ஒப்பவில்லை.

சிம்மக்கல்_ராஜா:
தங்கச்சி, அந்த முதல் வாரத்தைப் பற்றிப் பேசு. தெருப்பெயர்ப் பலகைகள், வீட்டு எண்கள் எல்லாவற்றையும் ஜனங்களே கழற்றிவிட்டார்கள். கைது செய்யப் பட்டியலோடு வருகிறவனுக்கு வீடு எது என்று தெரியக்கூடாது, அவ்வளவுதான். சாலையோரக் கைகாட்டிகளில் ‘மாஸ்கோ 1800 கி.மீ.’ என்று எழுதி வைத்தார்கள். பல கிராமங்கள் தங்கள் பெயரை அழித்துவிட்டு ‘டூப்செக்’ என்று, அந்தச் சீர்திருத்தங்களை நடத்திய கம்யூனிஸ்ட் கட்சித் தலைவரின் பெயரை எழுதிக்கொண்டன. நம் மாசி வீதிகளில் ஒரு பலகையும் இல்லாமல், கேட்டால் வழி சொல்ல ஒரு ஆளும் இல்லாமல், வெளியூர் லாரிக்காரர் என்ன பாடு படுவார், யோசித்துப் பார். வானொலி நிலையத்தைப் பிடித்த பிறகும் மறைவிடங்களிலிருந்து ஒலிபரப்பு நடந்தது, ரகசியப் போலீஸ் கார்களின் நம்பரைக்கூட வாசித்தார்கள்!

மேலூர்_பாண்டி:
அண்ணே, சிந்திய ரத்தத்தையும் சொல்லணும். அந்த வானொலி நிலையத்து வாசலிலேயே ஆட்கள் செத்தார்கள். வருஷ முடிவுக்குள் 130 பேருக்கு மேல். டூப்செக்கை மாஸ்கோவுக்குக் கொண்டுபோய், பணிந்துபோகும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள், 1969 ஏப்ரலில் அவர் பதவியும் போனது. அதற்கு முன்பே ஜனவரியில், நாடு சோர்ந்து போவதைப் பொறுக்காமல் யான் பாலாக் என்ற 20 வயது மாணவர் பிராக்கில் தீக்குளித்தார். மொழிப்போராட்டம் கண்ட நமக்கு அந்த வலி புரியும்.

சிம்மக்கல்_ராஜா:
மறுக்கவில்லை பாண்டி. ஆனால் டூப்செக்கை ஏன் திரும்ப அனுப்பினார்கள்? வந்த கையோடு பொம்மை அரசு ஒன்றை உட்கார வைப்பதுதான் திட்டம். நாடே எதிர்த்து நின்றதால் அது கூடவில்லை, ஆகஸ்ட் 27-இல் பழைய தலைவரையே ஊருக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. டாங்கியால் ஊரைப் பிடிக்கலாம், ஆனால் ஆபீஸை நடத்த உள்ளூர் ஆள் வேண்டுமே.

வாடிப்பட்டி_ஆசிரியை:
செல்வி, நம் நாட்டுப் பங்கையும் சேர்த்துக்கொள்ளம்மா. ஐ.நா.வில் இந்தியா கண்டனத்துக்கு வாக்களிக்காமல் ஒதுங்கியது, அதை எதிர்த்து மத்திய அமைச்சர் அசோக் மேத்தா பதவி விலகினார். மாஸ்கோவின் செஞ்சதுக்கத்திலேயே ஆகஸ்ட் 25 அன்று எட்டுப் பேர் பதாகையோடு உட்கார்ந்தார்கள், சில நிமிடங்களில் கைது. அந்தப் படை தங்கள் பெயரில் போனது என்பதுதான் அவர்கள் கோபம்.

திருமங்கலம்_செல்வி:
மேத்தா விஷயம் இப்போதுதான் தெரியும் டீச்சர், அதிலிருந்தே பேச்சைத் தொடங்குகிறேன்.