இலக்குப் பயிற்சிக்கும் வேட்டைக்கும் ஒரே அரைத்தானியங்கி ரைஃபிள் போதுமா?

கேள்வி:
வணக்கம். தாள் இலக்கில் பயிற்சி செய்யவும் பருவத்தில் மான் வேட்டைக்குச் செல்லவும் ஒரே அரைத்தானியங்கி ரைஃபிளை (ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்வது) வாங்க எண்ணுகிறேன். .22 எல்ஆர் என்ற சிறிய தோட்டா, .308 வின்செஸ்டர் என்ற பெரிய தோட்டா ஆகிய இரண்டில் எதைச் சுடும் ரைஃபிள் பொருந்தும் என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில் 1:
மானுக்கு .22 எல்ஆர் கூடவே கூடாது. அந்தச் சிறு குண்டு விலங்கைக் காயப்படுத்தி வலியோடு அலையவிடும். 1964 முதல் விற்பனையில் உள்ள ரூகர் 10/22 என்ற .22 எல்ஆர் ரைஃபிள் பயிற்சிக்கும் முயலுக்கும் அருமையானது, மானுக்கன்று. உங்கள் தேவைக்கு .308 தான் ஏற்றது. இலக்குக்கென்றே செய்த கனத்த குழல் மேசையில் அசையாமல் நின்றாலும், மேட்டில் ஏறும்போது வார் தோளை அறுக்கும் என்பதால், நடுத்தர எடையுள்ள குழலைத் தேர்ந்தெடுங்கள்.

பதில் 2:
இதை முழுமையாக ஏற்கிறேன். மெல்லிய குழல் அடுத்தடுத்துச் சுட்டால் சூடேறி, குண்டு படும் இடம் விலகக்கூடும். ஆகவே ஆறவிட்டுச் சுடுங்கள். சுடும்போது எழும் வெடிமருந்து வாயுவால் இயங்கும் துப்பாக்கியில் கரி படியும். நான் துடைக்காமல் விட்ட ஒரு விடியற்காலையில், சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு வெளியேறாமல் துப்பாக்கியின் வெளியேற்றும் திறப்பிலேயே சிக்கிக்கொண்டது. வேட்டையில் அரைத்தானியங்கிக்கு அனுமதி உண்டா, மேகசினில் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டியில்) எத்தனை தோட்டாக்கள் இருக்கலாம் என்பவற்றை வாங்குமுன் சட்டப்படி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. நடுத்தரக் குழலுள்ள .308 ரைஃபிளையே தோளில் வைத்துப் பார்க்கிறேன்.