புதுப்பிப்பு: பழைய கார்புரேட்டர் காரில் மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றாதது), ஏற்றத்தில் இழுவை இல்லை – சரியாகிவிட்டது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. மூன்று சிலிண்டர் பெட்ரோல் கார் ஐடிலில் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) உதறுகிறது, மேட்டில் திணறுகிறது, பிளக் மாற்றியும் பலனில்லை என்று கேட்டிருந்தேன்.

கைகொடுத்தது "இருட்டில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள்" என்ற யோசனைதான். இரவில் எஞ்சினை ஓடவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு முறைப்படி மின்சாரத்தைப் பிரித்துத் தரும் பாகம்) மூடிமேல் ஸ்பிரே பாட்டிலால் லேசாகப் பனிபோல் அடித்தேன். உடனே நீலப்பொறி ஓடியது, உதறலும் கூடியது. (வயர்களைத் தொட்டுவிடாதீர்கள், நல்ல ஷாக் அடிக்கும்.) மூடியைக் கழற்றினால் உள்ளே இரண்டு முனைகளுக்கு நடுவே பென்சில் கோடு மாதிரி ஒரு கரித்தடம். மின்சாரம் அந்த வழியாகக் கசிந்திருக்கிறது. மூடி, அதற்குள் சுழலும் ரோட்டர் இரண்டும் புதிது போட்டதும் ஐடில் சீரானது.

எதிர்பாராதது: மேட்டில் திணறல் மட்டும் போகவில்லை. அது தனிக் கோளாறு! பெட்ரோல் ஃபில்டரைக் கழற்றித் தட்டினால் டேங்க்கின் துரு பழுப்புச் சேறாகக் கொட்டியது. ஐடிலுக்குப் போதுமான பெட்ரோல் வந்திருக்கிறது, லோடு ஏறினால் போதவில்லை. ஃபில்டர் மாற்றியபின் மேட்டிலும் மூன்றாம் கியரிலேயே ஏறுகிறது.

பிளக் வயர், காயில் (பொறிக்கு உயர் மின்னழுத்தம் தருவது) இரண்டும் மீட்டரில் சரியாகவே காட்டின, மாற்றவில்லை. கம்ப்ரஷன் டெஸ்ட்டுக்கு (சிலிண்டர் அழுத்தம் பார்ப்பது) தேவையே வரவில்லை. அடுத்து டேங்க்கை இறக்கிக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் புது ஃபில்டரும் அடைத்துக்கொள்ளும்.