வழக்கமான ரத்தப் பரிசோதனைக்குப் பிடிபடாத நரம்பு அழற்சி: எங்கள் வீட்டு அனுபவம்

குடியாத்தத்தில் இருக்கும் என் அக்காவுக்கு முதலில் வந்தது விக்கல்தான். தூக்கத்தில்கூடத் தோள் குலுங்கும். கூடவே ஓயாத வாந்தி. எண்டோஸ்கோபியில் வயிறு நன்றாக இருந்தது. அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் அளவோடு இருந்ததால், உடம்பில் அழற்சியே இல்லை என்று ஒரு மருத்துவமனையில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். விக்கல் தானாக அடங்கியது. சில வாரங்களில் இரண்டு கால்களும் மரத்துப்போய்ச் சிறுநீரும் கட்டிக்கொண்டது.

வேலூரில் பார்த்த நரம்பியல் மருத்துவர், எம்.ஆர்.ஐ. படத்தில் மூன்று முள்ளெலும்புகளின் நீளத்தையும் தாண்டித் தண்டுவடத்தில் வெளுத்துத் தெரிந்த பகுதியை விரல் வைத்துக் காட்டிவிட்டு, "ஏம்மா, இதுக்கு முன்னாடி விடாம விக்கல் வந்துதா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில்தான் எல்லாம் துலங்கியது.

நோயின் பெயர் நியூரோமயலைட்டிஸ் ஆப்டிகா. கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் அழற்சி இது. மூளையின் நட்சத்திர வடிவச் செல்களில் நீர் புகும் வாயிலாக இருக்கும் அக்குவாபோரின்-4 என்ற புரதத்தை, நம் உடம்பே உண்டாக்கும் ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) தாக்குகிறது. வாந்தியைத் தூண்டும் மூளைத்தண்டுப் பகுதியில் அந்தப் புரதம் மிகுதி என்பதால்தான் விக்கலும் வாந்தியும் முந்திக்கொள்கின்றன. சி.ஆர்.பி. கல்லீரலில் உருவாவது, நரம்பு மண்டலத்துக்குள் நடக்கும் இந்தத் தாக்குதலில் அது உயராமலே இருக்கலாம். இந்த ஆன்டிபாடி 2004இல் கண்டறியப்படும் வரை, பலரும் இதை, நரம்புகளின் மேலுறையைச் சிதைக்கும் மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் என்ற நோயின் ஒரு வகையாகவே கருதினார்கள். அந்த நோய்க்குத் தரும் இன்டர்ஃபெரான் பீட்டா இதை மோசமாக்கக்கூடும் என்பதால், இரண்டையும் பிரித்தறிவது உயிர்நாடியான விஷயம்.

இந்த ஆன்டிபாடியை ரத்தத்தில் கண்டறிய, எலைசா என்ற பரிசோதனையைவிட, உயிருள்ள அல்லது பதப்படுத்திய செல்களைக் கொண்டு செய்யும் செல் வழிப் பரிசோதனையே நம்பகமானது. ரத்தத்தின் நீர்ப்பகுதியை மாற்றும் பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சை ஆன்டிபாடியை வெளியேற்றிவிடும் என்பதால், அதற்கு முன்பே ரத்தம் எடுத்துவிடச் சொல்லுங்கள். அக்காவுக்கு முதலில் மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை ரத்தக்குழாய் வழியாக ஏற்றினார்கள். பிறகு, ஹெபடைட்டிஸ் பி இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, எதிர்ப்புச் செல்களைக் குறைக்கும் ரிட்டுக்சிமாப் மருந்தைத் தொடங்கினார்கள். இப்போது கைத்தடியோடு நடக்கிறாள்.

இந்தப் பதிவுக்கு ஆரணியிலிருந்து மற்றோர் உறுப்பினரின் பதில்:

உங்கள் அக்கா நடப்பதைப் படித்து மனம் நிறைந்தது. என் மகனுக்கு இரண்டு கண்களிலும் பார்வை ஒரே சமயத்தில் மங்கியது. அக்குவாபோரின் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் நரம்பின் மேலுறையில் உள்ள மாக் (MOG) என்ற புரதத்தைத் தாக்கும் மற்றோர் ஆன்டிபாடி இருந்தது. குழந்தைகளிடம் இது அதிகம் காணப்படுவது என்றும், காலப்போக்கில் அது ரத்தத்திலிருந்து மறைந்தால் நோய் திரும்பும் வாய்ப்புக் குறைவு என்றும் மருத்துவர் சொன்னார். ஸ்டீராய்டு தொடங்கியதும் பார்வை திரும்பிவிட்டது. சில மாதங்கள் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அந்த முடிவுக்குத்தான் காத்திருக்கிறோம்.